இடுப்பில் தொங்கிய நூலகம்

ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் போகிற ஊரில், நூலக வாசலில் கரும்பலகை மாட்டி, பஸ் நேரங்களைக் கலர் சாக்பீஸால் எழுதிப் போட்ட ஒரே நூலகர் நான்தான். எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு நின்றேன். அந்த வழியாகச் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நிறுத்தி, பலகையைப் படித்துவிட்டு, "என்னா சார், பஸ் ஸ்டாண்ட இங்க மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

இந்த முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன வாரம் நான் எழுதிய மின்விசிறி விவகாரத்தைப் படித்துவிட்டு, 'இதற்கு மேல் ஒரு மனிதன் அசடு வழிய முடியாது' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவசரப்பட்டுவிட்டார்.

பலகை என் சொந்த யோசனை அல்ல. படவேட்டு நூலகத்தில் பொறுக்கியது. அது ஏன் எங்கள் ஆரணியில் பலிக்கவில்லை என்று விசாரிக்க, மறுபடியும் படவேட்டுக்கே போய் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலையிலிருந்துதான் இந்த வாரக் கதை.

படவேடு நூலகம் ஒரே ஒரு ஓட்டு அறை. ஜன்னல் வழியே ஜவ்வாது மலை தெரியும். நூலகர் விஜயா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏதோ சரியில்லை. வழக்கமாக நான் எங்கே உட்கார்ந்தாலும் வலது இடுப்பில் ஒன்று குத்தும். அன்று குத்தவில்லை.

கை தானாக இடுப்புக்குப் போனது. பெல்ட் இருந்தது. பெல்ட்டில் மாட்டியிருக்க வேண்டிய சாவிக்கொத்து இல்லை.

"என்னா சார், தேள் கொட்ன மாதிரி எழுந்துட்டீங்க?"

"சாவி."

"வீட்டு சாவியா?"

"லைப்ரரி சாவி. பீரோ சாவி எல்லாமே. நேத்து சாயங்காலம் பீரோலயே மாட்டி வுட்டுட்டேன் போலருக்கு."

"அவ்ளோதானே? நல்லதாப் போச்சி. யார்னா தெறந்து எடுத்துப் படிப்பாங்க."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நான் டீயை அப்படியே பெஞ்சில் வைத்தேன். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன். விஜயா வாசலைக் காட்டினார். அங்கே அவருடைய கரும்பலகை. அதன்படி அடுத்த பஸ் மத்தியானம்தான்.

பஸ் வரும்வரை நான் அங்கேயே தவித்துக்கொண்டிருக்கட்டும். ஒரு கொத்துச் சாவிக்கு ஏன் அப்படிப் பதறினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பீரோக்களின் காவலன்

எங்கள் நூலகம் நெசவாளர் தெருக்களுக்கு நடுவில் ஒரு வாடகைக் கட்டடம். முன்னறையில் பேப்பர், வாரப் பத்திரிகைகள். பின்னறையில் கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்களில் புத்தகங்கள். புத்தகம் தொலைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது, "மனுசன நம்பு, வாசகன நம்பாத" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

சாவிக்கொத்து என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. வாசகர் புத்தகத்தின் பெயரைச் சொல்லவேண்டும். நான் யோசித்து, எழுந்து, பூட்டைத் திறந்து, எடுத்துக் கொடுத்து, மறுபடி பூட்டுவேன். நகைக்கடையில்கூட இத்தனை பந்தா இருக்காது.

துணைக்கு ஒரே ஒருவர், மல்லிகா அக்கா. காலையில் வாசல் கதவைத் திறந்து, பெருக்கி, பேப்பர்களைப் பிரித்து வைப்பார். சாயங்காலம் கதவைப் பூட்டுவதும் அவர்தான். வாசல் கதவுக்கு மட்டும் அவரிடம் ஒரு சாவி உண்டு. பேச்சு குறைவு. பேசினால் அதற்குமேல் யாரும் பேசத் தேவையிருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் எங்கள் மாவட்ட நூலக அலுவலர் பார்வையிட வந்தார். பின்னறையைப் பார்த்தார். ஒரு புத்தகத்தின் மேல் விரலை ஓட்டி, தூசியை என்னிடம் காட்டினார்.

"பேப்பர் படிக்கத்தான்யா கூட்டம் வருது. புத்தகம் இருந்த எடத்த வுட்டு அசையவே இல்லையே."

அடுத்த முறை வரும்போதும் இப்படியே இருந்தால், பகுதி நேர நூலகமாகக் குறைத்துவிடுவதாகச் சொன்னார். சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் திறப்பார்கள். முழு நேர நூலகர் தேவையில்லை. எனக்கு ஜவ்வாது மலைமேல் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும் அன்போடு தெரிவித்தார். பெருக்குவதற்கு ஆள் வைக்க மாட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்லவில்லை. ஆனால் கதவோரம் நின்றிருந்த மல்லிகா அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த துடைப்பத்தைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நாலு ஊரு லைப்ரரியப் போய்ப் பாருங்க. என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு வந்து இங்க பண்ணுங்க" என்றார் அலுவலர்.

ஊர் சுற்ற உத்தரவு! மலைக்கு அனுப்பப் போகிறார்கள் என்பதைக்கூட மறந்து சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி நாள்காட்டியைப் புரட்டினார். "நல்ல காரியத்துக்குப் போறீங்க. அமாவாசைல கெளம்புங்க, ஜெயிக்கும்."

அன்றிலிருந்து என் பயணம் எல்லாம் அமாவாசையில்தான். அது எனக்கும் பிடித்திருந்தது. மற்ற நாளில் விடியற்காலையிலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தறிச் சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூடவே வரும். அமாவாசை நெசவாளர்களுக்கு விடுமுறை. தறியில் யாரும் உட்கார மாட்டார்கள். தெரு அமைதியாக இருக்கும். இடுப்பில் சாவி கிணுகிணுக்க, அந்த அமைதியை ரசித்தபடி பஸ் ஏறுவேன்.

இழுப்பறையும் தனபாலும்

முதலில் வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய நூலகம். அங்கே ஒரு மர அலமாரி முழுக்கக் குட்டிக் குட்டி இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் அட்டைகள், ஓர் அட்டைக்கு ஒரு புத்தகம். அட்டைகள் கலையாமலிருக்க அடியில் ஓட்டை போட்டு ஒரு கம்பி கோத்திருந்தார்கள். நான் ஓர் இழுப்பறையை இழுத்தேன், மூடினேன், மறுபடி இழுத்தேன். அங்கிருந்த ஊழியர், "சார், புக்கு ஏதாவது வேணுமா, இல்ல சும்மா இழுத்துப் பாக்கறீங்களா?" என்று கேட்டார். சும்மாதான் என்று உண்மையைச் சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் கெட்டி அட்டை வாங்கி, நானும் மனைவியுமாக ஒரு மாதம் உட்கார்ந்து புத்தகப் பெயர்களை எழுதினோம். ஓட்டை போட யார்? எங்கள் தெருவில் அதற்குப் பஞ்சமில்லை. தனபாலின் தொழிலே அட்டைக்கு ஓட்டை குத்துவது. பட்டுச்சேலை ஓரத்தில் வருகிற மாங்காயும் அன்னமும் முதலில் அவர் கையில் ஓட்டைகளாகத்தான் பிறக்கும். குத்திய அட்டைகளை வரிசையாக நூலில் கோத்துச் சங்கிலியாக்கித் தறிக்கு மேலே மாட்டுவார்கள். சங்கிலி சுற்றச் சுற்ற, ஓட்டைக்கு ஏற்றபடி கீழே சேலையில் பூ விழும்.

தனபால் தினமும் வருகிற வாசகர். பேப்பரை வாய்விட்டுத்தான் படிப்பார், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"அடியில ஒரு ஓட்ட போட்டா போதும் தனபால்."

"குடு சார், பண்ணிடலாம்."

அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகும் வழியில் நான் அதைத் தெருவில் கொட்டியதையும், அள்ளிய வேகத்தில் வரிசை போனதையும் அவரிடம் சொல்லவில்லை. அடுத்த அமாவாசைக்கு வந்தவாசி போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், பின்னறைச் சுவரில் மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை. நடுவில் என் அட்டைகள் எல்லாம் முறுக்கு நூலில் கோக்கப்பட்டு, முடிவில்லாத மாலையாகத் தொங்கின. தனபால் பெருமையோடு ஓர் இழுப்பு இழுத்தார். நூலகமே மேலே ஏறி மறுபக்கம் இறங்கியது.

"யோவ், என்னய்யா இது?"

"அட்ட சார். தனித்தனியா வுட்டா கொழம்பிப் பூடும். அதான் கோத்துட்டேன்."

"வரிசையே தப்பா கீதேய்யா!"

"நீ குடுத்த வரிசதான் சார். நான் ஒண்ணுகூட மாத்தல."

என்ன சொல்ல? சமையல் குறிப்புக்குப் பின்னால் சந்திர மண்டலம் வந்தது. அதற்கடுத்து கோழி வளர்ப்பு. அதற்கடுத்து வேதாந்தம். பிரித்துக் கோக்க எனக்குத் தெம்பில்லை. இழுப்பறை அலமாரி செய்யப் பணமுமில்லை. அப்படியே விட்டேன்.

தெருவே வந்து அந்த மாலையை இழுத்துப் பார்க்கிறது என்று தனபால் சொல்வார். நூல் சுற்றும் பெண்கள் கோலப் புத்தகம் தேடப் போய், கோழி வளர்ப்பில் நின்றுவிடுவார்களாம். பெயர்களை எல்லோரும் படித்தார்களாம். ஆனாலும் புத்தகம் அசையவில்லை. எனக்கு ஏனென்று விளங்கவே இல்லை.

அமைதி காக்கவும்

வந்தவாசிப் பயணத்தில் கிடைத்தது ஒரு பலகை. அங்கே ஒரு நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சொர்க்கம் என்று நினைத்தேன்.

நானும் ஒன்று எழுதி மாட்டினேன். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தெரு எங்களுடையது. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்டால்கூட மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். தனபால் வாசலில் நின்று, "அ-மை-தி காக்-க-வும்!" என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி படித்தார். பிறகு உள்ளே திரும்பி, "யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல?" என்றார்.

அன்று சாயங்காலமே பலகையைக் கழற்றிவிட்டேன். மல்லிகா அக்கா அதைப் பின்பக்கம் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக வைத்தார். அந்தப் பயணத்தில் நான் கொண்டுவந்ததில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

எதற்குக் காத்திருக்கிறார்கள்?

மூன்றாவதாகத்தான் படவேடு. கோயிலுக்கு வருகிறவர்கள், வேர்க்கடலை மூட்டையோடு நிற்கிறவர்கள் எல்லோரும் பஸ்ஸுக்காகக் காத்துக்கிடக்கிற ஊர். விஜயா பஸ் நேரத்தை வாசலில் எழுதிப் போட்டார். நேரம் பார்க்க வந்தவர்கள் நிழலுக்கு உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் கையில் புத்தகம் எடுத்தார்கள். பாதியில் பஸ் வந்தால் வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். நான் அதைக் கண்டு மெய்சிலிர்த்து, ஆரணியில் என்ன செய்தேன் என்பதைத்தான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேனே.

இப்போது இரண்டாவது முறை வந்து, சாவியில்லாத இடுப்போடு, விஜயாவிடம் என் பலகைக் கதையைச் சொன்னேன். அவர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"ஆரணில போயி பஸ் டைம் எழுதுனீங்களா? எங்க ஜனங்க பஸ்ஸுக்கு காத்துகினு கீறாங்க, அதனால எழுதனேன். உங்க ஜனங்க எதுக்கு சார் காத்துகினு கீறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. சம்பளத்துக்கு என்று சொல்லலாம். அதை எழுதிப் போட நான் யார்?

மத்தியான பஸ் வந்தது. கண்ணமங்கலத்தில் இறங்கி ஆரணி பஸ்ஸுக்கு நின்றபோது எதிரில் ஒரு எஸ்.டி.டி. பூத். ஓடினேன். மல்லிகா அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், சாவியைப் பத்திரமாக எடுத்து வைப்பார். கண்ணாடிக் கதவைத் திறந்து ரிசீவரைக் கையில் எடுத்த பிறகுதான், எங்கள் நூலகத்தில் போனே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது.

வாசலில் செருப்பு

தெருமுனை திரும்பினேன். நூலக வாசலில் ஜீப் நின்றது.

அலுவலரின் ஜீப். ஜீப்பைச் சுற்றிச் செருப்புகள். கல்யாண வீட்டு வாசல் போல, படியெல்லாம் செருப்பு. எனக்கு இரண்டே காரணம்தான் தோன்றியது. ஒன்று, பீரோக்களைக் காலி செய்துவிட்டார்கள், பஞ்சாயத்து நடக்கிறது. இல்லாவிட்டால் பகுதி நேரமாக்குவதை எதிர்த்துக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். இரண்டிலும் முதலில் மாட்டப்போவது நான்.

உள்ளே நுழைந்தேன். பீரோக்கள் எல்லாம் கதவைப் பப்பரக்கவென்று விரித்துக்கொண்டு நின்றன. என் நாற்காலியில் தனபால். மேசையில் உறுப்பினர் அட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு புத்தகத்தின் சீட்டையும் அதை எடுத்துப்போகிறவரின் அட்டை உறையில் செருகிக்கொண்டிருந்தார். நான் செய்வதைத் தினமும் பார்த்தவர்தானே, அதில் என்ன பெரிய வித்தை! சுவரோரம் கூட்டம் அட்டை மாலையை இழுத்துக்கொண்டிருந்தது.

"யக்கா, அந்த கோழி புக்கு!"

"தோ, எடுத்துகினு கீறேன். கத்தாத" என்றார் பீரோ முன்னால் நின்ற மல்லிகா அக்கா. என் சாவிக்கொத்து அவர் முந்தானையில் முடிந்திருந்தது.

அலுவலர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"வாங்க நூலகரே. எங்க போயிருந்தீங்க?"

"யோசனை சேகரிக்க சார். படவேடு."

"நான் வந்து ரொம்ப நேரமாச்சு. பின்னறையில இவ்வளவு பேர நான் பாத்ததே இல்ல. இது யாரோட யோசனை?"

சத்தம் சட்டென்று அடங்கியது. வந்தவாசியில் பார்த்த அதே அமைதி, பலகை இல்லாமலேயே. தனபால் என்னைப் பார்த்தார். மல்லிகா அக்கா என்னைப் பார்க்கவில்லை. 'என்னுடையது சார்' என்று சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். தனபாலின் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"என் மறதி சார்."

கூட்டம் சிரித்தது. அலுவலர் சிரிக்கவில்லை.

"அப்போ போன மாசம், அதுக்கு முந்துன மாசமெல்லாம் இந்த ஜனங்க எங்க போனாங்க?"

தனபால் எழுந்து நின்றார். அவர் குரலில் ரகசியம் என்பதே கிடையாது.

"எங்கயும் போவல சார். ஒவ்வொரு அமாவாசையும் வருவோம். அன்னிக்கிதான் லீவு. மத்த நாள்ல தறிக்காரங்க தறிய வுட்டு எறங்க முடியுமா? வந்து அட்டய சுத்துவோம். புக்கு பேரப் பாப்போம். சாரு சாவிய எடுத்துகினு பஸ் ஏறியிருப்பாரு. பேப்பரப் படிச்சிட்டு பூடுவோம்."

"எதுக்குப் போயிருப்பார்?"

"லைப்ரரிய நல்லா பண்றது எப்பிடின்னு பாக்கத்தான் சார்."

இதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவர் எனக்குப் பரிந்து பேசினார்.

அலுவலர் அட்டை மாலையைப் பார்த்தார். எழுந்து போய் ஒருமுறை இழுத்தும் பார்த்தார். "புதுப் புத்தகம் வந்தா எங்கய்யா செருகுவீங்க?"

"நூல அறுத்துட்டு நடுவுல கோத்துக்கலாம் சார். சேலையில டிசைன் மாத்தறதில்லயா?"

அலுவலர் மாலையிலிருந்து கையை எடுத்தார். வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "முழு நேரமாவே இருக்கட்டும். அமாவாசையில மத்தியான இடைவேளைக்குக்கூட மூடாதீங்க. நீங்க ஊர் ஊராப் போறதையும் நிறுத்த வேணாம். உங்களுக்கு அது நல்லா வருது."

கடைசி வாக்கியம் பாராட்டா என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பீரோக்களைச் சரிபார்த்தேன். வீட்டுக்குப் போன புத்தகங்களுக்கெல்லாம் உறையில் சீட்டு இருந்தது. தொலைந்தது ஒன்றுமில்லை. ஒரு புத்தகம் கூடுதலாக இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் காணாமல் போய், அவரே பணம் கட்டிய புத்தகம். கதவு திறந்திருந்த கூட்டத்தில் யாரோ சத்தமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சாவிக்கொத்து என் மேசைமேல் இருந்தது. பழக்கதோஷத்தில் எடுத்து பெல்ட்டில் மாட்டினேன். இடுப்பில் குத்தியது, நிம்மதியாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மல்லிகா அக்கா பின்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் பட்டு நூல் துணுக்கு. நான் நாள்காட்டியைப் பார்த்தபடி, பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்.

"அக்கா, அடுத்த அமாவாசைக்கு திருவண்ணாமல பக்கம் ஒரு லைப்ரரி பாத்துட்டு வரலாம்னு கீறேன். நல்ல நாளு. தனபால ஒக்கார வெச்சிக்கோ. நம்ம லைப்ரரிக்கு என்னா பண்ணலாம், சொல்லு?"

அவர் நிமிரவில்லை. துடைப்பமும் நிற்கவில்லை.

"சாவிய வெச்சிட்டுப் போ சார்."